செண்பகவல்லியின் ஐந்தாவது அடுக்கு

தெற்குத் தெரு செண்பகவல்லி ஒரே ஆள் இல்லை என்று என் கணினி சொன்னபோது நான் காபிகூடக் குடித்திருக்கவில்லை. திரையில் ஒரு சிவப்புக் கட்டம். ‘முதல் நான்கு அடுக்குகள் ஒரு பெண்ணுடையவை. ஐந்தாவது அடுக்கு வேறு வீட்டைச் சேர்ந்தது. தனிமருந்து தயாரிப்பு நிறுத்தப்பட்டது.’

எனக்குக் காலையில் சிவப்புக் கட்டம் பிடிக்காது. மத்தியானமும் பிடிக்காது.

“தாஜு!” என்று நான் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். தாஜுதீன் மட்டும் நிதானமாக வந்தான். எங்கள் கோவில்பட்டி தனிமருந்து மையத்தின் மாதிரி சேகரிப்பாளன் அவன். வீடு வீடாகப் போய் ரத்தமும் மலமும் வாங்கிக் குழாயில் அடைத்து வருகிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதைச் சிரித்த முகத்தோடு செய்கிறான். எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தால் முதல் வாரமே யாரையாவது அடித்திருப்பேன்.

“குழாயை மாத்திட்டியா?”

“மேடம், என் பிள்ளைங்க பேரை மாத்திக் கூப்பிடுவேன். குழாயை மாத்தமாட்டேன்.”

“அப்ப செண்பகவல்லியோட மாதிரியில எப்படி இன்னொரு வீடு வந்துச்சு?”

“எந்த வீடு?”

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். வடக்குத் தெரு, பூவலிங்கம், வீட்டில் ஐந்து பேர். தாஜுதீன் உதட்டைப் பிதுக்கினான். “அது அவுக அண்ணன் வீடுல்லா. ரெண்டு பேருக்கும் ஒம்பது வருஷமாப் பேச்சுவார்த்தையே கிடையாதே!”

கோவில்பட்டியில் யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்பதை எங்கள் கணினியைவிடத் தாஜுதீன் நன்றாக அறிவான்.

செண்பகவல்லிக்குச் சிறுநீரகத்தில் நோய். வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை, அவர் உடலே தன் சிறுநீரகத்தைப் பகையாளியாக நினைத்து அடிக்கிறது. தனிமருந்துத் திட்டத்தில் இதற்கு மருந்து உண்டு. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் தயாரிக்க வேண்டும். மதுரை மருந்துக்கூடத்தில் அவருக்கு ஒதுக்கியிருந்த நாள் அடுத்த வியாழக்கிழமை. அது தவறினால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் அவருடைய சிறுநீரகம் காத்திருக்காது என்று டாக்டர் எழுதியிருந்தார். சிவப்புக் கட்டம் போக வேண்டுமானால் ஒற்றுமைக்குக் காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்குப் பத்து நாள் இருந்தது.

*

மறுநாள் காலை நானும் தாஜுதீனும் தெற்குத் தெருவுக்குப் போனோம். கதவைத் திறந்த செண்பகவல்லிக்கு ஐம்பத்தேழு வயது. கால் இரண்டும் வீங்கி, கண்ணுக்குக் கீழே முகம் ஊதியிருந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“ரத்தம் எடுத்தாச்சு, மத்ததும் குடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்? கிட்னியவே கழட்டிக் கேப்பீகளோ?”

“உக்காருங்க யக்கா. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்.”

அவர் கணவர் சங்கரபாண்டி எனக்கு நாற்காலி போட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், மெலிந்த மனிதர். மனைவி பேசும்போது அவர் பேசுவதில்லை. மனைவி எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

“யக்கா, ஒரு ஆளைப் பத்தி அஞ்சு சாட்சிகிட்ட விசாரிக்கிற மாதிரி எங்க வேலை, சாட்சியைத்தான் அடுக்குன்னு சொல்லுவோம்,” என்றேன். “முதல் சாட்சி நீங்க பொறக்கும்போதே எழுதி வந்தது, மரபணு. அதுல இன்னைக்கு எது எது முழிச்சிருக்குன்னு சொல்றது ரெண்டாவது சாட்சி. மூணாவது ரத்தத்துல ஓடுற புரதம். நாலாவது நீங்க தின்னது, செரிச்சது, கழிச்சது எல்லாம் ரத்தத்துல விட்டுட்டுப் போற தடம். அஞ்சாவது, உங்க குடல்ல குடியிருக்கிற கோடிக்கணக்கான பூச்சி.”

“பூச்சியா! நான் போன மாசந்தான் பூச்சி மருந்து குடிச்சேன்.”

“அந்தப் பூச்சி இல்ல. கண்ணுக்குத் தெரியாதது. நல்லதுதான். ஒவ்வொரு சாட்சியும் ஒவ்வொரு பாஷை பேசும். ஒண்ணு கோடி எழுத்து, ஒண்ணு நாலாயிரம் எண்ணு. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரே கதையா வாங்குறதுதான் நான் வாங்குற சம்பளத்துக்கு வேலை. உங்க விஷயத்துல நாலு சாட்சி இது செண்பகவல்லின்னு சத்தியம் பண்ணுது. அஞ்சாவது சாட்சி மட்டும், இது எங்க வீட்டு ஆளுங்குது. ஒரே சமையல்ல சாப்பிடுற வீட்டுக்காரங்களுக்குத்தான் அது ஒண்ணு போல இருக்கும். ஆனா உங்களுக்கும் உங்க வீட்டு அண்ணாச்சிக்கும் அது ஒத்துப்போகல. வேற வீட்டோட ஒத்துப்போகுது.”

“எந்த வீடு?”

தாஜுதீன் கூரையைப் பார்த்தான்.

“வடக்குத் தெரு பூவலிங்கம் வீடு.”

அவர் எழுந்தார். வீங்கிய காலோடு அவ்வளவு வேகமாக எழுவார் என்று நான் நினைக்கவில்லை. “அந்த வீட்டுப் பச்சைத் தண்ணி என் தொண்டையில இறங்கி ஒம்பது வருஷமாச்சு! அங்க கை நனைக்கமாட்டேன்னு சொன்னவ நான். இந்தப் பழியை என் மேல போட்டது யாரு?”

“கம்ப்யூட்டர்.”

“அதை இங்க கூட்டிட்டு வா, நான் கேக்கேன்!”

“யக்கா, ஒருவேளை யாராவது உங்களுக்குத் தெரியாம…”

“எனக்குத் தெரியாம என் வாயில போடுறதுக்கு நான் என்ன கைப்பிள்ளையா? ஞானசெல்வின்னு பேரு வச்சுக்கிட்டு இப்படிப் பேசுதியே!”

பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்தார். சண்டைக்குக் காரணத்தை அவரே சொன்னார். அந்த வீட்டு மகள் கல்யாணம். பூவலிங்கம் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டார். “நானூறு பேருக்கு அனுப்பின அதே மெசேஜ் எனக்கும். ‘அன்புடையீர்’னு ஆரம்பிக்குது. அன்புடையீராம்! கூடப்பொறந்தவளுக்கு! தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, வீட்டுக்கு வந்து, நீ வந்துதான் நடக்கணும்னு ஒரு வார்த்தை கூப்பிட வேண்டாமா? நான் போகல. அத்தை முறை செய்ய ஆளில்லாம மேடை காலியா நின்னுச்சாம். அதுக்கு அவுக, இனி என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிவிட்டாக. நல்லதுன்னு இருந்துட்டேன்.”

எனக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று தெரிந்தது. போனில் இருந்த எல்லாப் பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்திருப்பார். என் தொழிலில் தினமும் பார்க்கிற தப்பு. எல்லோரையும் ஒரே பட்டியலில் கொட்டினால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது காணாமல் போய்விடும். தங்கை இருநூற்றுப் பன்னிரண்டாவது எண்ணாக ஆகிவிடுவார்.

வாசலில் சங்கரபாண்டியைத் தனியாக மடக்கினேன். நீங்கள்தான் மச்சான் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். “எனக்குச் சர்க்கரை, இளைப்பு ரெண்டும் இருக்கு. என் கேப்பைக் கூழை நானே காய்ச்சிக்கிடுதேன். அவ சாப்பாட்டுப் பக்கம் போறதே இல்ல. அவளுக்குத் தெரியாம நான் ஒரு மாத்திரைகூடப் போட்டது கிடையாதும்மா.” அவர் முகத்தைப் பார்த்ததும் நம்பினேன். பொய் சொல்வதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இல்லை.

*

பூவலிங்கம் வடக்குத் தெருவில் பைக் பேட்டரிக் கடை வைத்திருந்தார். அறுபத்திரண்டு வயது, பெரிய மீசை. நான் பேரைச் சொன்னதும், “எந்தச் செண்பகவல்லி? எனக்கு அப்படி யாரையும் தெரியாது,” என்று பேட்டரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“சரி அண்ணாச்சி. அவுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்க்கிட்டு இருக்கு. அது விஷயமா…”

துணி கையிலிருந்து விழுந்தது. “செம்பகத்துக்கா?” என்றார். “எப்பருந்து? எவ்வளவு மோசம்? அந்த மாப்பிள்ளை ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். மீசை நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். மருந்து நிற்பதற்குக் காரணம், ஐந்தாவது அடுக்கு, காரணம் எழுத வேண்டிய படிவம் எல்லாம். அவர் பாதிதான் கேட்டார். மீதியில் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

“எழுதிக்கோம்மா. நாந்தான் குடுத்துவிடுதேன். தினமும்.”

“என்ன குடுத்துவிடுதீக?”

“என்ன… நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவளுக்கு அதுன்னா உசுரு.”

நான் கையிலிருந்த கணினிப் பலகையில் நான்காவது அடுக்கைத் திறந்தேன். “உங்க தங்கச்சி ரத்தத்துல ஒரு வருஷமா மீனோட தடமே கிடையாது. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு.”

“கருவாடுன்னா சொன்னேன்? கத்திரிக்காய்.”

“யார்கிட்ட குடுத்துவிடுதீக?”

“பஸ்ல.”

“அடுத்த தெருவுக்கா?”

தாஜுதீன் திரும்பி நின்று இருமினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. “அண்ணாச்சி, இந்த மருந்து முழுங்கினதும் வேலை செய்யாது. குடல்ல இருக்கிற பூச்சி அதை உடைச்சாத்தான் மருந்து. அதுக எங்கருந்து வருது, நாளைக்கும் வருமான்னு தெரியாம அளவு போட்டா, ஒண்ணு சும்மா வெளிய போயிரும், இல்லன்னா விஷமாயிரும். நீங்க போடுற பொய்க் கையெழுத்து அவுகளைக் கொன்னுரும். அது தெரியுமா உங்களுக்கு?”

கடைக்கு வந்த ஒரு பையன் பேட்டரியை வைத்துவிட்டு ஓடிப்போனான். பூவலிங்கம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “அப்ப நான் என்னதாம்மா செய்ய?” என்றார். “அவளுக்கு ஒண்ணுன்னா நான் எதுல கையெழுத்துப் போடணும்னு யாராவது சொல்லுங்களேன்.”

போய் வருகிறேன் என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

*

புதன்கிழமை முழுவதும் நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். தங்கை பொய் சொல்லவில்லை. அண்ணன் பொய் சொன்னார், ஆனால் அது பொய் என்று அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மாதிரியில் ஒட்டியிருந்த மனிதச் செல்லை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். அது செண்பகவல்லியுடையதுதான், குழாய் மாறவில்லை. எண்களிலும் பிழையில்லை. அவர் குடலும் பூவலிங்கம் வீட்டு ஐந்து பேர் குடலும் அப்படியே ஒத்துப்போயின.

சாயங்காலம் தாஜுதீன் டீ கொண்டுவந்து வைத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக வீட்டுக் கதை சொன்னான்.

“என் சின்னது இருக்காளே, நேத்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா மேடம். கடைசியில சொல்லுதா, ‘அத்தா, நீங்க அப்படியே என்னை மாதிரியே இருக்கீங்க’ன்னு. எப்படி இருக்கு பாருங்க! அவ வந்து ஆறு வருஷம், நான் வந்து நாப்பது வருஷம்.”

சிரிக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டேன். டீயும் அப்படியே ஆறிப்போனது.

“தாஜு, நீ ஒரு மேதை.”

“நான் இல்ல மேடம், என் சின்னது.”

ஒற்றுமைக்குத் திசை கிடையாது. அவர் இவரைப் போல இருக்கிறார் என்றால் இவரும் அவரைப் போல இருக்கிறார், அவ்வளவுதான் எண் சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லாது. அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஒரே ஒரு பெண். கணினி தலையை எண்ணியது. ஐந்து பேர் இருக்கிற இடம்தான் வீடு, ஒற்றை ஆள்தான் வந்து சேர்ந்தது என்று முடிவு கட்டியது. அந்தக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆக, அந்தத் தப்பு என்னுடையது. இருபது வருஷம் இதே வேலை செய்து, ஒரு ஆறு வயதுக் குழந்தை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் உறைபெட்டியில் ஊர் முழுவதற்கும் வருஷத்துக்கு ஒரு மாதிரி, பன்னிரண்டு வருஷத்துக்கு உண்டு. கணினி புதியதை மட்டும்தான் பார்க்கும். நான் பழையதை எல்லாம் எடுத்து ஓடவிட்டேன். மறுநாள் காலை முடிவு வந்தது. செண்பகவல்லியின் குடலில் அந்த அடையாளம் முதல் வருஷத்திலிருந்தே இருக்கிறது. பூவலிங்கம் வீட்டில் அது ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது, ஐந்து பேருக்கும் ஒன்றாக. சண்டை வந்து இரண்டு வருஷம் கழித்து.

அடையாளம் எது என்றும் பார்த்தேன். ஒன்று தயிரில் வாழ்வது. அதோடு கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று, மனிதத் தோலில் வாழ்வது.

*

நேரே தெற்குத் தெருவுக்குப் போனேன். சங்கரபாண்டி வெளியே போயிருந்தார். செண்பகவல்லி அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, பாலுக்கு உறை எப்படி ஊத்துவீக?”

“இது என்ன கேள்வி? காய்ச்சி ஆற வச்சு, சுண்டுவிரலை விட்டுப் பாப்பேன். விரல் பொறுக்கிற சூடு வந்ததும் உறையை விட்டு, அதே விரலால ஒரு சுத்து. ஏன், உங்க வீட்டுல தெர்மாமீட்டர் வச்சா ஊத்துதீக?”

“எவ்வளவு பாலுக்கு?”

“ஒண்ணரை லிட்டர்.”

“அண்ணாச்சிக்கு இளைப்பு, தயிர் தொடமாட்டாரு. இந்த வீட்டுல தயிர் சாப்பிடுறது நீங்க ஒருத்தர்தான். ஒண்ணரை லிட்டர் யாருக்கு யக்கா?”

அவர் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் பேசாமல் நின்றேன். எனக்கு அது மிகவும் கஷ்டமான வேலை.

“வடக்குத் தெருவுல அவுகளுக்கு வயித்துப் புண்ணு வந்து ஆபரேஷன் பண்ணினாக,” என்றார், சுவரைப் பார்த்தபடி. “தயிர்ச் சோறு மட்டுந்தான் திங்கணும்னு டாக்டர் சொன்னாராம். கடைத் தயிரு புளிக்கும். அவுகளுக்குச் சின்ன வயசுலருந்தே புளிச்ச தயிர் ஆகாது. வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கு, புளிப்பு பட்டா எரியும்லா? பேச்சியம்மா ஸ்கூட்டர்ல தயிர் விக்கப் போவா. அவகிட்டச் சொல்லி, தினமும் ஒரு தூக்கு அந்த வீட்டுக்கு. அவ வீட்டுத் தயிருன்னு சொல்லிக் குடுப்பா.”

“ஏழு வருஷமா?”

“புண்ணு ஆறினதும் நிறுத்தணும்னுதான் நெனச்சேன்.” சிலிர்த்துக்கொண்டு திரும்பினார். “அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். தயிர் போகாதுன்னு சொல்லலையே!”

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாகப் படிவத்தை எடுத்தேன். “இதைத்தான் நான் மூணு நாளாத் தேடுதேன். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அடுத்த வியாழக்கிழமை மருந்து.”

“அவுகளுக்குத் தெரிஞ்சிருமா?”

“விதிப்படி இன்னொரு வீடு சம்பந்தப்பட்டா அவங்களுக்கு ஒரு நகல் போகும்.”

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அப்ப வேண்டாம்.”

“எது வேண்டாம்?”

“மருந்து.”

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். தயிர் கொடுத்துவிடத் தெரிகிறது, கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லையா, வீம்புக்காக ஒரு மனுஷி சாவாளா, உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே மூளை இப்படித்தானா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் ஒன்றுக்கும் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“நீ அவுகளைப் பாத்ததில்ல,” என்றார் கடைசியில், மெதுவாக. “தெரிஞ்சுதுன்னா வேண்டாம்னுருவாக. எனக்கு எவளும் பிச்சை போட வேண்டாம்னு தூக்கை வீசிருவாக. என்னைவிட வீம்பு. இப்ப எங்களுக்குள்ள இருக்கிறது அந்த ஒரு தூக்குத் தயிர்தான். காலையில அவ எடுத்துட்டுப் போகும்போது, இன்னைக்குத் தின்னுட்டாகன்னு நெனச்சுக்கிடுவேன். அதுவும் போச்சுன்னா ஒண்ணுமே இருக்காது.”

எனக்கு அழுகை வந்தால் அதிகமாகக் கோபம் வரும். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டேன்.

*

மையத்துக்கு வந்து படிவத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். படிவம் கேட்பது ஒரே கேள்வி: இந்த அடையாளம் நோயாளிக்கு எங்கிருந்து வந்தது? எங்கே போகிறது என்று அது கேட்கவே இல்லை.

‘நோயாளி தன் கையால் உறை ஊற்றும் தயிரிலிருந்து. பன்னிரண்டு ஆண்டு மாதிரிகள் சான்று. வேறு வீடு காரணம் அன்று’ என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. கணினி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிவப்பைப் பச்சையாக்கியது. நகல் யாருக்கும் போகவில்லை. செண்பகவல்லி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, “அவ்வளவுதானா? இதுக்கா அந்தக் கத்து கத்தினே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் குறிப்பில் கீழே இன்னொரு பத்தி சேர்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மருந்து வந்தது. அன்றைக்கே குறிப்பை எடுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனேன். பூவலிங்கம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“மருந்து கிடைச்சிருச்சு அண்ணாச்சி. காரணம் தெரிஞ்சுபோச்சு, உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு சிக்கல். மருந்து ஆரம்பிச்ச நாப்பது நாளைக்கு அவுக பால்ல கை வைக்கக் கூடாது. ஆனா தயிர் சாப்பிட்டே ஆகணும். அவுக வயித்துக்கு ஒத்துப்போற தயிர் இந்த ஊருல இன்னொரு வீட்டுலதான் இருக்கு. உங்க வீட்டுல.”

“என் வீட்டுத் தயிரா?” அவர் முகம் மலர்ந்த விதத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. “ஒத்துப்போகத்தான செய்யும்! ஒரே வயித்துல பொறந்தவங்கள்லா. நான் மதனிகிட்டச் சொல்லி, அதாவது என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லி…”

“அது ஆகாது. வேற கை கூடாது. நீங்கதான் உறை ஊத்தணும். நேத்து மிச்சம் இருக்கிற தயிரை உறையா வச்சுக்கோங்க. நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும். கை மாறக் கூடாது.”

“நானா? எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதேம்மா.”

“அஞ்சு அடுக்கையும் பாத்துச் சொல்லியிருக்கு அண்ணாச்சி. நான் என்ன பண்ண?”

*

முதல் நாள் அவர் தூக்குவாளியைக் கேட்டுக்கு வெளியே நின்று சங்கரபாண்டி கையில் கொடுத்தார், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. இது தாஜுதீன் நேரில் பார்த்துச் சொன்னது. ரத்தம் எடுக்கப் போன சாக்கில் அவன் அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான். உள்ளே இருந்து செண்பகவல்லியின் குரல் வந்ததாம்: “பாலைச் சூட்டோட ஊத்திருக்காக. திரிஞ்சிபோச்சு. இதை மனுஷன் திம்பானா?”

இரண்டாவது நாளும் திரிந்தது. மூன்றாவது நாள் உறையவே இல்லை. நான்காவது நாள் தங்கை திரும்பவும் உள்ளிருந்து கத்தியபோது, பூவலிங்கத்துக்கு மீசை துடித்துவிட்டது. “அம்புட்டுத் தெரிஞ்சவ நீ வந்து சொல்லிக்குடு!” என்று கேட்டுக்கு வெளியே நின்று கத்தினாராம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது. தெருவே வெளியே வந்துவிட்டதாம்.

“சுண்டுவிரலை விட்டுப் பாக்கணும்!” என்று பதில் வந்ததாம்.

ஏழாம் நாள் தயிர் கத்தியால் வெட்டுகிற பதத்தில் உறைந்தது. பன்னிரண்டாம் நாள் மழை என்று அண்ணன் உள்ளே வந்து நின்றார். கோவில்பட்டியில் அன்றைக்கு மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை. இருபதாம் நாள் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார்கள். செண்பகவல்லிக்கு முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மூன்றாவது அடுக்கில் எண்கள் இறங்கி வந்தன. கால் பாதத்தில் நரம்பு தெரிகிறது என்று டாக்டர் என்னிடம் போனில் சொன்னபோது, அந்த டாக்டருக்குக்கூட நான் நன்றி சொன்னேன்.

முப்பத்தொன்பதாம் நாள் தாஜுதீன் கோப்போடு வந்து என் மேசை முன்னால் நின்றான். மதுரையிலிருந்து தணிக்கைக்குக் கேட்டிருக்கிறார்கள்.

“மேடம், பால்ல கை வைக்கக் கூடாது, ஒரே கை உறை ஊத்தணும், நாப்பது நாள், இதெல்லாம் விதிப் புத்தகத்துல எந்தப் பக்கம்?”

“தேடு.”

“தேடிட்டேன். எங்கேயும் இல்ல.”

“அப்ப நல்லாத் தேடலை.”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். அந்த அண்ணாச்சியிடம் பொய்க் கையெழுத்துக் கூடாது என்று நான் கத்தியபோது பக்கத்தில் நின்றவன் அவன். கோப்பை மூடினான். “டீ சொல்லட்டுமா மேடம்?” என்றான்.

அப்போது போன் வந்தது. பூவலிங்கம்.

“ஏம்மா, நாளையோட நாப்பது முடியுதுல்லா?”

“முடியுது அண்ணாச்சி. தங்கச்சிக்கு நல்லா இருக்கு. இனிமே அவுகளே பாத்துக்கிடலாம்.”

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இல்ல… திடீர்னு நிறுத்தினா அவ உடம்புக்கு ஒத்துக்கிடுமா?” என்றார். “அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.”

என் கணினி அன்று காலையிலிருந்து அணைந்தே கிடந்தது. மின்சாரம் இல்லை. நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.

“கேட்டுட்டேன் அண்ணாச்சி. நிறுத்தவே கூடாதுங்குது.”

“அப்படியா சொல்லுது!” என்றவர், போனை வைக்காமலே உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏ செம்பகம், நிறுத்தக் கூடாதாம்!”

“அப்ப நாளைக்காவது பாலை நல்லா ஆற வைங்கண்ணே!” என்று பூவலிங்கம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து செண்பகவல்லியின் குரல் கேட்டது.